ஓர் ஆளுக்கு எத்தனை ஓட்டு?



2022-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பாடாங் செராய் வாக்காளர்கள் நாட்டிலுள்ள மற்றவர்களோடு சேர்ந்து வாக்களிக்கவில்லை. இது பலருக்கும் நினைவிருக்கும். வாக்களிப்பு நாள் நவம்பர் 19. அதற்கு மூன்று நாள்களுக்கு முன், 16-ஆம் தேதி, தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து மீண்டும் போட்டியிட்ட எம்.கருப்பையா காலமானார். கொடிகளும் பதாகைகளும் கட்டியாகிவிட்டன, பிரச்சாரம் உச்சத்தில் இருந்தது. இருந்தும் தேர்தல் நின்றது. டிசம்பர் 7-ஆம் தேதிதான் பாடாங் செராய் மக்கள் விரலில் மை வைத்துக்கொண்டார்கள். நாட்டில் புதிய பிரதமர் பதவியேற்று இரண்டு வாரம் ஆகிவிட்ட நேரம் அது.

அந்த நாளில் தோட்டத்தில் வேலை செய்தவருக்கும் ஓர் ஓட்டு, கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் பொறியியலாளராக இருப்பவருக்கும் ஓர் ஓட்டு. வங்கியில் எவ்வளவு வெள்ளி இருந்தாலும் இரண்டாவது சீட்டு கிடைக்காது. சீட்டுகளை எண்ணும்போது கட்சி முகவர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் எவருக்கு எத்தனை என்று தாளில் எழுதிக் கையெழுத்தாகும். வேட்பாளர் ஒருவர் இறந்துபோனால் தேர்தலையே தள்ளிவைக்கும் அளவுக்கு அந்த ஒரு சீட்டுக்கு மரியாதை உண்டு.

அதே வாக்காளர் வீட்டுக்கு வந்து, குளித்து, தொலைக்காட்சியின் முன் உட்காருகிறார். அங்கும் ஒரு தேர்தல் நடக்கிறது. பாட்டுப் போட்டியாக இருக்கலாம், நட்சத்திர விருதாக இருக்கலாம், ஒரே வீட்டுக்குள் நூறு நாள் அடைத்து வைக்கும் நிகழ்ச்சியாக இருக்கலாம். ‘உங்கள் வாக்குதான் முடிவு செய்யும்’ என்று அறிவிப்பாளர் கேமராவைப் பார்த்துச் சொல்கிறார். அந்த வாக்கும் இந்த வாக்கும் ஒன்றுதானா? இன்றைய உரை இதைப் பற்றித்தான்.

மலேசியாவில் இந்தப் பழக்கம் கைப்பேசியோடு வந்ததல்ல. ‘பெரித்தா ஹரியான்’ நாளேட்டின் பிரபல நட்சத்திர விருது 1987-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. நாளிதழில் வரும் வாக்குப் படிவத்தை வெட்டிப் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். ஒரு பத்திரிகைக்கு ஒரு படிவம். ஆகவே, தங்கள் நட்சத்திரம் வெல்ல வேண்டும் என்று நினைத்த ரசிகர் மன்றங்கள் பத்திரிகையைக் கட்டுக் கட்டாக வாங்கின. படிவத்தை வெட்டியபின் மிச்சப் பத்திரிகை பழைய காகிதக் கடைக்குப் போனது. சித்தி நூர்ஹலிசா தொடர்ந்து பல ஆண்டுகள் அந்த மேடையில் கோலோச்சினார். அவருடைய குரலுக்கு அது தகும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனாலும் ‘ஒருவர் பல வாக்கு’ என்ற வழக்கம் அப்போதே வேர் விட்டுவிட்டது.

2003-இல் அஸ்ட்ரோவின் ‘அகாடமி ஃபேன்டாசியா’ வந்தது. மெக்சிகோவில் ஒளியேறிய நிகழ்ச்சி ஒன்றின் மலேசிய வடிவம் அது. வாரந்தோறும் சனிக்கிழமை இசைநிகழ்ச்சி, வாக்களிப்பு குறுஞ்செய்தி வழியாக. வாக்களிக்கும் முறைக்கு ‘ஏ.எஃப். உண்டி’ என்றே பெயர். மலாய்மொழியில் ‘உண்டி’ என்றால் வாக்கு. தமிழ்க் காதுக்கு அது கோயில் உண்டியலை நினைவுபடுத்தும். யோசித்தால், அதில் தவறொன்றும் இல்லை. இரண்டிலும் காசு விழுகிறது.

அதன் மூன்றாவது பருவத்தில், 2005-இல், ஜொகூர் கூலாய் அருகேயுள்ள பெல்டா தாயிப் அண்டாக் குடியேற்றத்திலிருந்து மாவி என்ற இளைஞர் வந்தார். அவரைவிட நன்றாகப் பாடுபவர்கள் அந்த மேடையில் இருந்தார்கள் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். பெல்டா குடும்பங்கள் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. தங்கள் பிள்ளைகளில் ஒருவன், தங்களைப் போலவே பேசுகிறவன், மேடையில் நிற்கிறான். வாக்குகள் கொட்டின. தோட்டப்புறத்தில் வளர்ந்த தமிழர் எவருக்கும் இந்த உணர்ச்சியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அதற்கு ஓராண்டு முன்னால், 2004-இல், ‘மலேசியன் ஐடல்’ முதல் பருவத்தில் ஜெக்லின் விக்டர் வென்றார். இந்திய வம்சாவளிப் பெண். பட்டம் வாங்கும் முன்பே ஹோட்டல் மேடைகளில் பல ஆண்டுகள் பாடிக் குரலைப் பதப்படுத்தியவர். நம் வீடுகளில் அன்று நடந்த கொண்டாட்டம் பலருக்கு மறந்திருக்காது. ஆனால், ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். நாட்டில் இந்தியர்கள் சுமார் ஏழு விழுக்காடு. ஏழு விழுக்காட்டை மட்டும் வைத்து எவரும் எந்தத் தேர்தலிலும் வெல்ல முடியாது. ஜெக்லினுக்கு மலாய்க்காரர்களும் சீனர்களும் வாக்களித்தார்கள் என்பதுதான் அந்த வெற்றியின் உண்மையான செய்தி. ‘நம்ம பொண்ணு’ என்று பெருமைப்பட்டதில் அந்தச் செய்தி கொஞ்சம் அடிபட்டுப்போனது. பின்னர் அவர் பாடிய ‘கெமிலாங்’ பாடல் 2005-ஆம் ஆண்டின் ஜுவாரா லாகு பட்டத்தை வென்றது. அங்கே இறுதி முடிவு நடுவர்கள் கையில். நேயர் வாக்கில் ஒரு முறை, நடுவர் தீர்ப்பில் ஒரு முறை என்று இரண்டு தராசிலும் நின்ற குரல் அது. அப்படி அமைவது அபூர்வம்.

ஓர் ஆள் நூறு முறை வாக்களிக்கலாம் என்றால் அந்த எண்ணிக்கை எதை அளக்கிறது? எத்தனை பேருக்குப் பிடிக்கிறது என்பதை அல்ல. எவ்வளவு தீவிரமாகப் பிடிக்கிறது என்பதையே அளக்கிறது. பத்துப் பேர் ஒவ்வொருவரும் ஒரு முறை வாக்களித்தால் பத்து. ஒரே ஒருவர் இரவு முழுக்க உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் இருநூறு. இதை ஏமாற்று என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. எண்ணிக்கையில் சிறிய சமூகத்துக்கு, தன் ஆர்வத்தால் தலை நிமிர அது ஒரு வழி கொடுக்கிறது.

இதற்கு இந்தியாவில் ஒரு பெரிய சாட்சி உண்டு. 2007-இல் ‘இந்தியன் ஐடல்’ மூன்றாம் பருவத்தில் பிரசாந்த் தமாங் என்ற இளைஞர் போட்டியிட்டார். டார்ஜிலிங்கைச் சேர்ந்த கூர்க்கா இனத்தவர், கொல்கத்தா காவல்துறையில் சாதாரண கான்ஸ்டபிள். பாட்டுக்கலையில் அவரைவிடத் தேர்ந்தவர்கள் இருந்தார்கள். ஆனால், இந்தியாவிலேயே தங்களை ‘வெளிநாட்டார்’ என்றும் ‘காவல்காரர்’ என்றும் கேலி செய்வதைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்டிருந்த ஒரு மலைச்சமூகம், அந்த மேடையில் தன் முகத்தைப் பார்த்தது. வாக்களிக்கச் சொல்லி ஊர்வலம் போனார்கள், நிதி திரட்டினார்கள். செப்டம்பரில் அவர் வென்றார். சில நாள்களில், டில்லி வானொலி அறிவிப்பாளர் ஒருவர் அவரைக் காவல்காரரோடு ஒப்பிட்டுக் கேலி பேசியதாகச் சொல்லி சிலிகுரியில் கலவரம் மூண்டது. அந்த வாக்களிப்பு இயக்கத்தை முன்நின்று நடத்திய பிமல் குருங் அதே அக்டோபரில் ‘கூர்க்கா ஜன்முக்தி மோர்ச்சா’ கட்சியைத் தொடங்கினார். மலையில் இருபது ஆண்டுகள் அசைக்க முடியாதவராக இருந்த சுபாஷ் கிசிங்கின் செல்வாக்கு சரிந்தது. பாட்டுப் போட்டி ஒன்றுக்குத் திரண்ட கூட்டம் ஒரு வட்டாரத்தின் அரசியலையே புரட்டிப்போட்டது என்றால், ‘வெறும் டிவி நிகழ்ச்சிதானே’ என்று எப்படித் தள்ளிவிடுவது?

தமிழர்களுக்கும் இப்படிப்பட்ட தருணங்கள் உண்டு. 2015-இல் விஜய் டிவியின் ‘சூப்பர் சிங்கர் ஜூனியர்’ இறுதிச்சுற்றில் கனடாவிலிருந்து வந்த ஈழத்தமிழ்ச் சிறுமி ஜெசிக்கா நின்றார். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில், மண்ணைவிட்டுப் பிரியும் மக்களின் துயரைச் சொல்லும் பாடலைத்தான் அந்த மேடையில் பாடினார். உலகம் முழுவதும் சிதறிக் கிடந்த ஈழத்தமிழர்கள் ஒருவரையொருவர் அழைத்து வாக்களிக்கச் சொன்னார்கள். முதலிடம் ஸ்பூர்த்திக்குப் போனது, ஜெசிக்காவுக்கு இரண்டாமிடம். பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தைத் தமிழகத்திலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தருவதாக அங்கேயே அறிவித்தார்கள். யார் முதலிடம் என்பதை மறந்தவர்களுக்கும் அந்த அறிவிப்பு நினைவிருக்கிறது.

2019-இல் நம் நாட்டு முகேன் ராவ். ‘பிக் பாஸ்’ தமிழ் மூன்றாம் பருவம், அக்டோபர் 6, கமல்ஹாசன் கையைப் பிடித்து உயர்த்திய காட்சி. மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் அன்று தீபாவளியை மூன்று வாரம் முன்னதாகவே கொண்டாடின. ஆனால், இங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் பருவத்தில் வாக்களிப்பு ஹாட்ஸ்டார் செயலி வழியாகவும் மிஸ்டு கால் வழியாகவும் நடந்தது. ஹாட்ஸ்டார் மலேசியாவுக்கு முறைப்படி வந்ததே 2021 ஜூனில்தான். எனவே முகேனை வெற்றிபெறச் செய்ததில் பெரும்பங்கு தமிழக நேயர்களுடையது என்றே கொள்ள வேண்டும். ஜெக்லினுக்கு மற்ற இனத்தவர் வாக்களித்ததுபோல, முகேனுக்கு மற்ற நாட்டவர் வாக்களித்தார்கள். ‘நம்மவருக்கு நாமே ஓட்டுப் போட்டால்தான் உண்டு’ என்று ஒவ்வொரு போட்டியின்போதும் வரும் வாட்ஸ்அப் செய்திகள், இந்த இரண்டு வெற்றிகளையும் ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி பணம். குறுஞ்செய்திக் காலத்தில் வாக்குக்கான செய்திக்குச் சாதாரணச் செய்தியைப்போல் பல மடங்கு கட்டணம். அந்தத் தொகை தொலைபேசி நிறுவனத்துக்கும் நிகழ்ச்சி நடத்துபவருக்கும் இடையில் பங்கு போடப்பட்டது. பாடாங் செராய், லுனாஸ், சுங்கை பட்டாணி வட்டாரத்துப் பெட்டிக்கடைகளில் பத்து வெள்ளி ‘டாப்-அப்’ அட்டை வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் அதை அம்மாவுக்கு அழைக்கப் பயன்படுத்தினார்கள், எத்தனை பேர் ஒரே இரவில் பாடகருக்குப் போட்டு முடித்தார்கள் என்பதை அந்தந்த வீட்டுப் பெற்றோர்தான் சொல்ல முடியும். 2006-இல் தேசிய பத்வா மன்றம், பரிசுக்காகக் குறுஞ்செய்தி அனுப்பும் போட்டிகள் சூதாட்டம் போன்றவை என்று முஸ்லிம்களுக்கு அறிவுறுத்தியது. சமயக் காரணத்தை விட்டுவிட்டாலும், பணம் கட்டி முடிவுக்காகக் காத்திருப்பது எங்கே கொண்டுபோகும் என்ற கவலை எல்லா வீட்டுக்கும் பொதுவானது.

இப்போது பெரும்பாலான வாக்களிப்பு இலவசம். செயலியில் ஒரு தட்டு. காசு மிச்சம்தான். ஆனால், எண்ணுவது யார்? இதில்தான் நேயர்கள் ஏமாந்து போகிறார்கள். பிரிட்டனில் நடந்ததைப் பார்த்தால் புரியும்.

2005-இல் அங்கே ஐடிவி ஒளிபரப்பிய நகைச்சுவை விருது விழாவில் ‘மக்கள் தேர்வு’ என்று ஒரு விருது இருந்தது. தொலைபேசியில் வந்த வாக்குகளில் கேத்தரின் டேட் என்ற நடிகையே முன்னிலையில் இருந்தார். மேடையில் அழைக்கப்பட்டதோ ஆன்ட், டெக் என்ற இரட்டையரின் நிகழ்ச்சி. வழங்க வந்திருந்த பாடகர் ராபி வில்லியம்ஸ், அந்த இரட்டையருக்கு என்றால் வழங்க மகிழ்ச்சி என்று தெரிவித்திருந்தார் என்பது பின்னர் வெளிவந்தது. அதைவிட வேடிக்கை, விழாவின் கடைசிப் பகுதி நேரலைபோலக் காட்டப்பட்ட பதிவு. விருது கொடுத்து முடிந்த பிறகும் வீடுகளிலிருந்து மக்கள் பணம் கட்டி அழைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆன்ட்டுக்கும் டெக்குக்கும் இது தெரியாது. தெரிந்தபின் விருதைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள்.

2007-இல் தணிக்கையாளர்கள் உள்ளே புகுந்து பார்த்தபோது, எண்ணப்படாமலேயே போன அழைப்புகளுக்கு நேயர்கள் கட்டிய தொகை 78 லட்சம் பவுண்டு அளவில் இருந்தது. ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் 2008 மே மாதம் ஐடிவிக்கு 56 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தது. பிபிசியும் இதில் யோக்கியமில்லை. ‘புளூ பீட்டர்’ என்ற சிறுவர் நிகழ்ச்சியில் பூனைக்குட்டிக்குப் பெயர் வைக்கப் பிள்ளைகளிடம் வாக்கு கேட்டார்கள். பிள்ளைகள் தேர்ந்தெடுத்தது ‘குக்கி’. நிகழ்ச்சிக்காரர்கள் வைத்தது ‘சாக்ஸ்’. விஷயம் வெளியானதும் மன்னிப்புக் கேட்டு, இன்னொரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்து அதற்கு ‘குக்கி’ என்று பெயரிட்டார்கள். பூனைப் பெயர்தானே என்று சிரிக்கலாம். முதல் முறையாக வாக்களித்த பிள்ளைகள் அதிலிருந்து என்ன கற்றிருப்பார்கள்?

அதே நாட்டில்தான் நேயர் வாக்கின் இன்னொரு முகமும் இருக்கிறது. 1995-இல் தொடங்கிய தேசியத் தொலைக்காட்சி விருதுகளில் நடுவர் குழு கிடையாது, வெற்றியாளரை நேயர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இணையத்தில் வாக்களிக்கக் கட்டணமும் இல்லை. சிறந்த தொகுப்பாளர் விருதை ஆன்ட், டெக் இருவரும் 2001 தொடங்கி 23 முறை தொடர்ந்து வாங்கினார்கள். சலிப்பு தரும் பட்டியல்தான். மக்களிடம் கேட்டால் பழகிய முகத்தைத்தான் சொல்வார்கள் என்ற குறையை மறைக்க முடியாது. 2025 செப்டம்பரில்தான் கால்பந்து நட்சத்திரமாக இருந்து தொகுப்பாளரான கேரி லினேக்கர் அந்த வரிசையை முறித்தார்.

ஆனால், 2024-ஆம் ஆண்டு விழாவை மட்டும் எடுத்துப் பாருங்கள். அன்று புதிய நாடகத்துக்கான விருது ‘மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் த போஸ்ட் ஆபிஸ்’ தொடருக்குப் போனது. பிரிட்டனில் சிறு அஞ்சலகங்களை நடத்திய 900-க்கும் மேற்பட்டோர், கணினிக் கணக்கில் வந்த பிழையால் திருட்டும் மோசடியும் செய்ததாகத் தண்டிக்கப்பட்ட உண்மைக் கதை அது. அவர்களில் இந்திய வம்சாவளியினரும் இருந்தார்கள். கர்ப்பிணியாக இருந்தபோதே சிறைக்கு அனுப்பப்பட்ட பெண்ணும் உண்டு. ஆண்டுக்கணக்கில் செய்தித்தாள்களில் வந்தும் அசையாத நாடு, 2024 ஜனவரியில் நான்கு இரவு நாடகமாகப் பார்த்தபின் கொதித்தது. மே மாதத்துக்குள் தண்டனைகளை ரத்து செய்யத் தனிச் சட்டமே வந்துவிட்டது. விருது மேடைக்கு நடிகர்களோடு பாதிக்கப்பட்ட அஞ்சலகக்காரர்களும் வந்து நின்றார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. விமர்சகர் குழுவும் அந்தத் தொடருக்கு விருது கொடுத்திருக்கக்கூடும். ஆனால், ‘உங்களை நாங்கள் நம்புகிறோம்’ என்று ஊரே சொன்னதுபோல் அது இருந்திருக்காது.

மலேசியத் தமிழ்த் தொலைக்காட்சிக்கு இதில் பாடம் இருக்கிறது. 1996-இல் அஸ்ட்ரோ தொடங்கி வானவில் ஒளிவழி வந்த நாளிலிருந்து எத்தனையோ உள்ளூர் நாடகங்களும் தொலைப்படங்களும் எடுக்கப்பட்டிருக்கின்றன. தோட்டத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள், அடையாள அட்டை இல்லாத பிள்ளைகள், குண்டர் கும்பலில் சிக்கிய இளைஞர்கள் எனப் பல கதைகள். நம் நேயர்கள் சென்னை நிகழ்ச்சிகளுக்கு வாக்களிக்கக் காட்டிய வேகத்தில் பாதியை இந்தப் படைப்புகளுக்குக் காட்டியதுண்டா? முகேன் சென்னை மேடையில் நின்ற பிறகு அவரைத் தேடியவர்கள், அதற்கு முன் அவர் இங்கே பாடி வெளியிட்ட தனிப்பாடல்களுக்கு எத்தனை பேர் செவிகொடுத்தார்கள்? குறை நேயரிடம் மட்டும் இல்லை. ‘இது உங்கள் தேர்வு’ என்று நம்பிக் கேட்கும் மேடையை நிலையங்களும் ஒழுங்காக அமைத்துத் தர வேண்டும்.

ஒழுங்கு என்றால் பெரிய விஷயமல்ல. ஐரோப்பிய நாடுகளின் ‘யூரோவிஷன்’ பாட்டுப் போட்டியில் எவரும் தம் சொந்த நாட்டுக்கு வாக்களிக்க முடியாது. அண்டை நாட்டாரும் புலம்பெயர்ந்தவர்களும் கூட்டாக வாக்களிக்கிறார்கள் என்ற புகார் வலுத்ததும், 2009-இல் இறுதிச்சுற்றின் பாதி மதிப்பெண்ணை நடுவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். போட்டி முடிந்ததும் எந்த நாடு எதற்கு எத்தனை புள்ளி கொடுத்தது என்பதை எல்லாரும் பார்க்கலாம். ஒரு கைப்பேசி எண்ணுக்கு இத்தனை வாக்கு என்று வரம்பு கட்டலாம். வாக்குப்பதிவு எப்போது மூடும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். எண்ணியவர் யார் என்று பெயர் போடலாம். வென்றவருக்கு மட்டுமல்ல, தோற்றவருக்கும் எத்தனை வாக்கு விழுந்தது என்று வெளியிடலாம். இவற்றில் எதுவும் செலவு பிடிக்கும் வேலையல்ல.

கேட்பவர் இல்லாததால்தான் நம் நிலையங்கள் செய்வதில்லை. அடுத்த முறை திரையில் வாக்கு எண் ஓடும்போது, கைப்பேசியை எடுக்கும் பாடாங் செராய் நேயர் அதற்கு முன் நிலையத்தின் முகநூல் பக்கத்தில் ஒரு வரி எழுதலாம்: போன முறை மொத்தம் எத்தனை வாக்கு விழுந்தது, அதை எண்ணியது யார்? பதில் வந்தபின் வாக்களித்தால் போதும்.